சுவருக்குள் ஒற்றைச் செருப்பு

இந்த வீட்டுச் சமையலறையில் ஒரு வெங்காயத்தைத் தரையில் வைத்தால் அது நிற்காது. கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி அசையும். பிறகு மெதுவாக உருண்டு வடக்குச் சுவரோரம் போய்ச் சேரும். வந்த புதிதில் பூனை தட்டிவிடுகிறது என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் இந்த வீட்டில் பூனையே கிடையாது. தரை சாய்ந்திருக்கிறது. தரை மட்டுமா? ஜன்னல் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. வாசக்கால் கோணியிருக்கிறது, அதற்குத் தக்கபடி கதவையும் கோணலாகவே அறுத்து மாட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் இப்படி ஒரு வீடு நின்றால் அந்தப் பக்கம் ஆடுகூடக் கட்ட மாட்டோம். இங்கேயோ நானூறு வருஷமாக இப்படித்தான் நிற்கிறது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டுதான் சொல்ல வேண்டும், நிமிர்ந்தால் உத்தரம் இடிக்கும்.

நான் நாகரசம்பட்டிக்காரன். பேர் முனுசாமி. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஓசூரில் மாட்டு டாக்டர் துரை ஒருவர் வீட்டில் சமையலுக்குச் சேர்ந்து பதினைந்து வருஷம் இருந்தேன். குதிரைக்காரரிடம் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், அடுப்படியில் தமிழ், துரையிடம் அரைகுறை இங்கிலீஷ் என்று எல்லைச் சீமைக்காரன் பிழைக்கிற பிழைப்பு. சுதந்திரம் வந்ததும் துரையும் துரைசாணி அம்மாவும் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனார்கள். கொஞ்ச வருஷத்தில் துரை காலமானார். அம்மா தனியாகிவிட்டார். இங்கே அவரை மிஸஸ் ஹார்லி என்று கூப்பிடுகிறார்கள். வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த வீடு அவர் அப்பா வீடு. 'முனுசாமி, நீ வந்து எனக்குச் சமைத்துப் போட முடியுமா?' என்று கடிதம் எழுதினார். முருகனை வேண்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கிளம்பின அன்றைக்கு என் பெண் மங்காவுக்கு நாலு வயசு. கிருஷ்ணகிரியில் அவளுக்கு ஒரு ஜோடிச் செருப்பு வாங்கி வைத்திருந்தேன், அதுதான் அவள் போட்ட முதல் செருப்பு. பஸ் வருகிற ரோடு வரைக்கும் செம்மண்ணில் அதைப் போட்டுக்கொண்டே நடந்து வந்தாள். தூக்கிக்கொள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தானும் வருவேன் என்று அழுதாள். ஜன்னல் வழியாக உள்ளே வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். அவசரத்தில் அவளை வெளியே என் சம்சாரம் ருக்கு கையில் கொடுத்தபோது ஒரு செருப்பு கழன்று என் மடியிலேயே விழுந்துவிட்டது. பர்கூர் தாண்டின பிறகுதான் பார்த்தேன். அந்த ஒற்றைச் செருப்பை மண்ணைத் தட்டாமல் ஒரு துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தேன். ருக்குவும் மங்காவும் ருக்குவின் அண்ணன் வீட்டில் இருக்கிறார்கள்.

ஒரு வருஷம் ஆனதும் அவர்களை இங்கே கூப்பிட்டுக்கொள்ளலாம் என்பது பேச்சு. அதற்கு மிஸஸ் ஹார்லி ஒரு லெட்டர் கொடுக்க வேண்டும். இன்னார் என் வீட்டில்தான் தங்குவார்கள், சாப்பாட்டுக்கு நான் பொறுப்பு என்று. அந்த லெட்டர் இல்லாமல் மெட்ராஸில் பாஸ்போர்ட் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நான் அம்மாவிடம் கேட்டேன். அவர் பேசுகிற தமிழ் ஓசூரில் சமையல்காரனிடமும் குதிரைக்காரனிடமும் கற்றுக்கொண்டது. மரியாதை எல்லாம் அதில் கிடையாது, ஆனால் கள்ளமும் கிடையாது.

"நாகரசம்பட்டியிலே வீடு கட்டறே. இங்கே பொஞ்சாதி புள்ளை வர லெட்டர் கேக்கறே. முனுசாமி, நீ எங்கே இருக்கப் போறே?"

அங்கே என் பேரில் ஒரு சின்ன வீடு எழும்பிக்கொண்டிருந்தது உண்மைதான். இங்கே மங்காவை ஸ்கூலுக்கு அனுப்ப வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் உண்மைதான். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று நான் யோசித்ததே இல்லை. அம்மா சிரித்துவிட்டு, "முதல்லே உன் ரூம் சுவர் ரிப்பேர் ஆவட்டும். அப்புறம் எழுதறேன்" என்றார்.

என் அறை மாடியில், புகைபோக்கியை ஒட்டினாற்போல். அந்தப் பக்கச் சுவர்தான் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். அதனால் முருகன் படத்தை அந்தச் சுவரிலேயே மாட்டியிருந்தேன். குளிர் எலும்பைக் கடிக்கிற காலையில்கூடக் குளித்து, விபூதி பூசி, அந்தச் சுவருக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் அடுப்புப் பற்றவைப்பேன். மழை இறங்கி இறங்கி அந்தச் சுவரின் ஒரு மரம் உளுத்துவிட்டது. அதை மாற்ற பெர்ட் என்கிற தச்சர் வந்தார். அறுபது வயசு இருக்கும். அவர் அப்பாவும் இந்த வீட்டுக்குத் தச்சு வேலை பார்த்தவர். என்னை சாமி என்று கூப்பிடச் சொன்னேன், அது அவர் வாயில் சாம் ஆகிவிட்டது. நான் படத்தைக் கழற்றிக் கட்டில் மேல் வைத்துவிட்டுச் சுவரை அவருக்கு விட்டுக்கொடுத்தேன்.

அவர் சுவரைப் பிரித்தபோதுதான் இந்த வீடு எப்படிக் கட்டினது என்று எனக்குப் புரிந்தது. கல்லும் செங்கல்லும் இந்த வீட்டைத் தாங்கவில்லை. தாங்குவது மரம். ஓக் என்கிற மரத்தைக் காயவிடாமல் பச்சையாகவே அறுத்து, தூணும் உத்தரமுமாக ஒரு கூடு கட்டி, மர ஆணி அடித்து இறுக்கியிருக்கிறார்கள். இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லை. மரம் காயக் காய முறுக்கிக்கொண்டது, வீடும் கூடவே முறுக்கிக்கொண்டது. அதுதான் வெங்காயம் உருளுகிற காரணம். தூணுக்கும் தூணுக்கும் நடுவே குச்சிகளால் வரிச்சு கட்டி, மண்ணைக் குழைத்து அப்பியிருக்கிறார்கள். முதலில் புகைபோக்கியே இல்லையாம். கூடத்து நடுவில் நெருப்பு மூட்டுவார்களாம், புகை கூரையில் முட்டிக் கசியுமாம். பெர்ட் விளக்கைத் தூக்கிக் கூரைச் சட்டங்களைக் காட்டினார். எங்கள் வீட்டு அடுப்படிக் கூரை மாதிரியே கன்னங்கரேல் என்று கரி பிடித்திருந்தது.

ஒவ்வொரு மரம் சேருகிற இடத்திலும் உளியால் கோடு கோடாக வெட்டியிருந்தது. இரண்டு கோடு இருக்கிற மரத்தோடு இரண்டு கோடு இருக்கிற மரம். தச்சர் பட்டறையில் எல்லாவற்றையும் தரையில் பரப்பிச் சேர்த்துப் பார்த்து, அடையாளம் வெட்டி, மறுபடி பிரித்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே நிமிர்த்தினார்களாம். "இப்பவும் மர ஆணியைத் தட்டிக் கழட்டினா வீட்டையே வண்டியில ஏத்திட்டுப் போயிரலாம்" என்றார் பெர்ட். எனக்கு அது மனசில் நின்றுவிட்டது. என்னையும் இப்படித்தானே கழற்றிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். என் மேல் வெட்டின கோட்டுக்குச் சேருகிற மரம் இந்த ஊரில் எது?

பெர்ட் ஒரு மண்கட்டியை என்னிடம் நீட்டினார். "இதுல என்ன கலந்திருக்கு, சொல்லு பாக்கலாம்?"

விரலால் நொறுக்கிப் பார்த்தேன். வைக்கோல் துணுக்கு வந்தது. "மாட்டுச் சாணி" என்றேன்.

அவர் அசந்துவிட்டார். "யாரு சொன்னது உனக்கு?"

"யாரும் சொல்லல. எங்க ஊர் வீட்டுச் சுவரும் இதேதான்."

"அட கடவுளே! சாணிச் சுவருக்குள்ள குடியிருக்கவா அவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்தே? அங்கேயே இருந்திருக்கலாமே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். அவர் தப்பாகச் சொல்லவில்லை, தமாஷாகத்தான் சொன்னார். ஆனாலும் அன்றைக்கு முழுக்க அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

மறுநாள்தான் அந்தத் தப்பு நடந்தது. மத்தியானம் பெர்ட்டுக்கு டீ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவர் இல்லை. அம்மாவும் பல் வைத்தியரிடம் டவுனுக்குப் போயிருந்தார். சுவர் திறந்து கிடந்தது. புகைபோக்கிக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு பொந்து. முருகன் படம் மாட்டியிருந்த ஆணிக்கு நேர் பின்னால். அதற்குள் எட்டிப் பார்த்தேன்.

செருப்பு. தோல் செருப்பு, இந்த ஊர்ப் பூட்ஸ் மாதிரி மேலே மூடினது. ஒரே ஒரு கால். சின்னக் குழந்தையுடையது. கறுத்துச் சுருங்கி, முன்பக்கம் கட்டைவிரல் இடத்தில் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் இந்தச் சுவருக்கு முன்னால் விழுந்து கும்பிட்டிருக்கிறேன். சாமிக்கு நேர் பின்னால் யாரோ போட்டு மிதித்த செருப்பா! என் கோரிக்கை எதுவும் பலிக்காமல் இழுத்துக்கொண்டே போவதற்கு இதுதான் காரணம் என்று என் புத்திக்குப் பட்டது. கையால் தொடவில்லை. சமையலறையிலிருந்து இடுக்கியைக் கொண்டுவந்து அதைப் பிடித்தெடுத்து, வீட்டுக்குப் பின்னால் மழைத் தண்ணீர் புரண்டு ஓடுகிற ஓடையில் வீசினேன். ஒரு தடவை மிதந்தது, அப்புறம் காணோம். பொந்தைத் துடைத்து, கொண்டுவந்திருந்த மஞ்சளைக் கரைத்துத் தெளித்து, குளித்துவிட்டு வந்து முருகனிடம் மன்னிப்புக் கேட்டேன். வீட்டுக்கு ஒரு நல்ல காரியம் செய்ததாகத்தான் எனக்கு நினைப்பு.

பெர்ட் திரும்பி வந்தார். பொந்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"செருப்பு எங்கே சாம்?"

"அசுத்தம். தூக்கி ஓடையில போட்டுட்டேன்" என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

அவர் அப்படியே என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். எனக்கு விளங்கும்படி இரண்டு மூன்று தடவை சொன்னார். புகைபோக்கி கட்டின காலத்தில், வீட்டுக்குள் கெட்டது எதுவும் நுழையாமல் இருக்க, வீட்டுக் குழந்தை போட்டு நடந்த செருப்பு ஒன்றைச் சுவருக்குள் வைத்து மூடுவது இந்தப் பக்கத்து வழக்கமாம். சுவரைத் திறந்தால் பார்க்கலாம், மறுபடி வைத்துவிட வேண்டும். வெளியே போகவிடக் கூடாது. பெர்ட்டும் அவர் அப்பாவும் முன்பு ஒரு தடவை இதே சுவரைத் திறந்திருக்கிறார்கள். அப்போது அம்மாவின் ஒரே மகன் ராபினுக்கு எட்டு வயசு. படிப்புக்காக அவனை ஓசூரிலிருந்து இங்கே தாத்தாவிடம் அனுப்பியிருந்தார்கள். அவன் அந்தச் செருப்பில் காலை விட்டுப் பார்த்து, விரல் வெளியே தெரிகிறது என்று சிரித்து, தன் கையாலேயே திரும்ப வைத்தானாம். பெரியவனாகிப் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவில் செத்துப்போனான். அது எனக்குத் தெரியும், தந்தி வந்த அன்றைக்கு ஓசூர் வீட்டில் நான்தான் இருந்தேன்.

"அவங்கம்மா அந்தச் செருப்பைப் பாத்ததே இல்ல சாம். அப்ப அவங்க உங்க ஊர்ல இருந்தாங்க. செருப்பு தெரிஞ்சதும் கூப்பிடு, நான்தான் முதல்ல தொடணும்னு சொல்லியிருந்தாங்க. அவங்க வரட்டும்னுதான் அப்படியே விட்டுட்டு நான் சாப்பிடப் போனேன்."

அம்மா வந்தார். வாசலிலேயே பெர்ட் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். தலையில் வைத்த தொப்பியைக்கூடக் கழற்றாமல் மாடி ஏறினார். "எங்கே போட்டே?" என்று மட்டும் கேட்டார். நான் முன்னால் நடந்தேன். ஈரப் புல்லில் கோலை ஊன்றிக்கொண்டு ஓடை ஓரமாகவே நடந்தார். பெர்ட் நீளக் கழியால் துழாவினார். நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கல்லுக்கடியில் எல்லாம் கைவிட்டுத் தேடினேன். பக்கத்துப் பண்ணை வேலி வரைக்கும் போனோம். அதற்கப்புறம் ஓடை ஆற்றில் சேருகிறது. அம்மா அங்கே நின்று ஆற்றைப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

அன்றையிலிருந்து அம்மா தன் டீயைத் தானே போட்டுக்கொண்டார். நான் வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டார், டீ மட்டும் அவரே. நடுங்குகிற கையால் கெட்டிலைத் தூக்கும்போது நான் ஓடிப்போனால், "வேணாம்" என்பார். ஓசூரில் பதினைந்து வருஷம் அவருக்கு என் டீ இல்லாமல் பொழுது விடிந்ததில்லை. லெட்டரைப் பற்றி நான் எந்த வாயால் கேட்பேன்? மூட்டை கட்டச் சொல்வார் என்றுதான் காத்திருந்தேன்.

அந்த நாட்களில் சாமி கும்பிடவும் எனக்கு மனசு ஓடவில்லை. அசுத்தம் என்று நினைத்துத்தானே செய்தேன் முருகா என்று சொல்லிப் பார்த்தேன். ஆனால் உள்ளே ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது: ஏன்டா முனுசாமி, நம் ஊரில் வீடு கட்டினால் சாரத்தில் என்ன தொங்கும்? காவேரிப்பட்டினம் ரோட்டில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். வைக்கோல் பொம்மை, திருஷ்டிப் பூசணிக்காய், அதற்குப் பக்கத்தில் தேய்ந்த பழஞ்செருப்பு. அதைப் பார்த்து ஒரு நாளும் நான் முகம் சுளித்ததில்லை. நாம் வெளியே கட்டுவதை இவர்கள் உள்ளே வைத்தார்கள், அவ்வளவுதான். சாணியைக் கையால் தொட்டதும் கண்டுபிடித்தவன், செருப்பைக் கண்ணால் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை.

சனிக்கிழமை பெர்ட் சுவரை மூட வந்தார். புது மரம் சேர்ந்தாயிற்று, வரிச்சு கட்டியாயிற்று, மண் குழைத்து வைத்திருந்தார். அம்மா மாடிக்கு வந்து நின்றார்.

"வெறும் பொந்தை மூடக் கூடாது மேடம்" என்றார் பெர்ட். "ஏதாவது வைக்கணும். ஒரு குழந்தை போட்டு நடந்ததா இருக்கணும்."

"ராபினுடையது ஒன்றுமில்லை. தந்தி வந்த பிறகு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன்" என்றார் அம்மா இங்கிலீஷில். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே தமிழில் சொன்னார்: "ஒண்ணும் இல்லே."

நான் கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தேன். துணியைப் பிரிக்கும்போது கை ஓடவில்லை. அதை விட்டால் மங்காவின் காலடி என்று என்னிடம் வேறு எதுவும் இல்லை. அதோடு ஒரு பயமும் இருந்தது, பச்சைக் குழந்தையின் செருப்பை அந்நிய தேசத்துச் சுவருக்குள் புதைக்கலாமா, அவள் தலையெழுத்தை நானே இங்கே கட்டிப்போடுகிறேனா என்று. ஆனால் அந்தப் பொந்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அம்மாவின் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை. இரண்டு கையிலும் வைத்து நீட்டினேன்.

அம்மா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் சிவப்பு மண் அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது. உள்பக்கம் அஞ்சு விரலும் லேசாகப் பதிந்திருந்தது.

"யாருது?"

"என் பொண்ணுதும்மா. மங்காது."

"ஓசூர் மண்ணா?"

"நாகரசம்பட்டிதும்மா. ரெண்டும் ஒரே நிறம்தான்."

விரலால் அந்த மண்ணைத் தடவினார், தட்டவில்லை. பெர்ட் தயங்கினார். "இந்த வீட்டுக் குழந்தையுடையதா இருக்கணுமே மேடம். இந்தக் குழந்தை இங்கே இல்லையே."

"வரும்" என்றார் அம்மா, தமிழில். பெர்ட்டுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அவரே குனிந்து செருப்பைப் பொந்துக்குள் வைத்தார். எழும்போது என் தோளைப் பிடித்து எழுந்தார். "என் புள்ளை இந்த வீட்டிலே வளர்ந்தான். நான் ஓசூரிலே உன் டீ குடிச்சிட்டு இருந்தேன். லீவுக்கு வருவான், லீவுக்கு வருவான்னு இருந்தேன் முனுசாமி" என்றார். பெர்ட் மண்ணை அப்பினார். நான் கீழே போய் டீ போட்டேன். அம்மா வாங்கிக் குடித்தார். அன்றைக்குச் சாயங்காலமே லெட்டரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஞாயிறு கழிந்ததும் போஸ்டில் சேர்த்துவிட்டேன்.

இரண்டு மாசம் கழித்து ருக்குவிடமிருந்து பதில் வந்தது. அவள் சொல்லச் சொல்ல அவள் அண்ணன் எழுதியது:

'மங்கா அப்பாவுக்கு, நாங்க எல்லாரும் சாமி புண்ணியத்துல சுகம். துரைசாணி அம்மா லெட்டர் வந்து சேந்துச்சு. பெட்டியில பத்திரமா வெச்சிருக்கேன். சுவரு ஆள் உசரம் எழும்பியாச்சு. பாதியில விட்டுட்டு எப்படி வர்றது? ஓடு போட்டு, பால் காய்ச்சிட்டு வர்றேன். போறவங்க வர்றவங்க எல்லாம் சீமைப் பணம், சீமைப் பணம்னு நம்ம வீட்டையே பாக்கறாங்க. கண்ணு படக் கூடாதுன்னு மங்காவோட அந்த ஒத்தைச் செருப்பைச் சாரத்துல கட்டிட்டேன். அவ கால் வளந்துடுச்சு, இனிமே பத்தாது. வேற வாங்கித் தர்றேன்னா, அப்பா வாங்கின செருப்புதான் வேணும்னு நிக்கறா. ஜோடி உங்ககிட்ட இருக்குதில்ல, பத்திரமா வெச்சிருங்க. வந்து வாங்கிக்கறோம்.'

பத்திரமாக இருக்கிறது என்று பதில் எழுதினேன். எங்கே என்று எழுதவில்லை. அம்மா அடிக்கடி, "எப்போ வருவாங்க?" என்று கேட்கிறார். வீடு முடிந்ததும் என்கிறேன். "எந்த வீடு?" என்று அவர் கேட்பதில்லை.

முருகன் படத்தை இப்போது எதிர்ச் சுவரில், கிழக்குப் பக்கம் மாட்டியிருக்கிறேன். காலையில் கும்பிட்டு எழுந்து திரும்பினால் அந்தப் புதுச் சுவர் முன்னால் நிற்கிறது. மண் காய்ந்து, சுண்ணாம்பும் அடித்தாயிற்று, எந்த இடம் என்றே தெரியாது. எனக்குத் தெரியும். உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன், வெதுவெதுப்பாக இருக்கும். இதே நேரம் நாகரசம்பட்டியில் அதன் ஜோடி வெயிலில் ஆடிக்கொண்டிருக்கும். ஒரு ஜோடிச் செருப்பு இரண்டு வீட்டைக் காவல் காக்கிறது. அதைப் போட்டு நடக்க வேண்டியவள், கட்டி முடியாத வாசலில் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருக்கிறாள்.